மடத்துக் குத்தகைக் கணக்கு ஊரார் கண்ணில் படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைவ மடங்களின் நிலபுலங்களை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்றும், கூடாது, மடாதிபதிகளின் பொறுப்பிலேயே விட வேண்டும் என்றும் இரு தரப்பாகத் தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இரு தரப்பிலும் பக்தி இருக்கிறது, கோபமும் இருக்கிறது. மடத்து நிலத்தில் ஏர் ஓட்டுகிறவனுக்கும் மடத்துக் கணக்கை எழுதுகிறவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது மட்டும் எந்தக் கடிதத்திலும் காணோம். என் பாட்டனார் காலம் முதல் எங்கள் குடும்பம் ஒரு மடத்தின் 9 மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நன்செய்யைக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வருகிறது. நானோ கூட்டுறவுத் துறையில் தணிக்கையாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெல்லை அளந்து கொடுத்த வீட்டில் பிறந்து, பிறர் எழுதிய பேரேட்டைப் புரட்டிப் பிழைத்தவன் என்பதால் இதைப் பற்றி எழுத எனக்குச் சிறிது பாத்தியதை உண்டென்று நினைக்கிறேன்.

மடத்துச் சொத்து நிர்வாகம் என்றதும் ஏதோ ஒழுங்கற்ற பழங்காலத்து ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மடத்துக்கு விடப்பட்ட நிலம் 'மடப்புறம்' என்று தனிப் பெயரோடு குறிக்கப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டையொட்டித் தழைத்த திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்களிலும், குமரகுருபரர் காசியில் தொடங்கி, பின் 1720 வாக்கில் தலைமையிடம் திருப்பனந்தாளுக்கு வந்த காசி மடத்திலும், வேலைகள் ஆளுக்கொன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன. மடத்தின் தலைவரான குருமகாசந்நிதானம் பட்டத்தில் இருப்பார். உபதேசமும் பூசையும் தலைமையும் அவருடையவை. வரவு செலவையும் வெளிக் காரியங்களையும் காறுபாறு பார்ப்பார். கடிதப் போக்குவரத்துக்கு ராயசம், பண்டங்களுக்கு உக்கிராணம், கிராமங்களுக்குக் காரியஸ்தர் என்று பொறுப்புகள் உண்டு. கோயில்களில் மடத்தின் சார்பில் உட்கார்ந்து காரியம் நடத்துபவர் கட்டளைத் தம்பிரான்; தம்பிரான் என்றால் மடத்துத் துறவி.

இந்த ஏற்பாட்டில் ஒரு தணிக்கையாளன் கையெடுத்துக் கும்பிடத்தக்க ஒன்று உண்டென்றால் அது 'கட்டளை' என்னும் முறைதான். இன்ன நிலத்தின் வருவாய் இன்ன கோயிலில் இன்ன காரியத்துக்கு என்று நிலத்தையும் காரியத்தையும் பிரிக்க முடியாதபடி கட்டி வைப்பது கட்டளை. திருவாரூர் தியாகராசர் கோயிலை எடுத்துக்கொண்டால் அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை, ராஜன் கட்டளை, உள்துறைக் கட்டளை என்று தனித்தனியே உண்டு. ஒவ்வொன்றுக்கும் நிலம் வேறு, கணக்கு வேறு. அபிஷேகத்துக்கு விட்ட நெல்லை எடுத்து அன்னதானத்தில் போட்டாலும் அது பிழைதான், புண்ணியமே ஆனாலும். எந்தத் தொகை எதற்கு என்று தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதக் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களுக்கு நாங்கள் எத்தனையோ பயிற்சி முகாம் நடத்தியிருக்கிறோம். பேரேடு அச்சடித்து வராத காலத்திலேயே இந்த மண்ணில் அது நடைமுறையாக இருந்திருக்கிறது. காவி உடுத்தியவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

அந்த முறை எங்கே நைந்தது என்று பார்க்கச் சட்டத்தின் வழியாகக் கொஞ்சம் நடந்தாக வேண்டும். 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ஒழுங்குமுறையால் கோயில், அறக்கட்டளைச் சொத்துகளை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கும்பினியார் தம் வருவாய் வாரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 1840-களில் அந்தப் பொறுப்பை உதறத் தொடங்கினார்கள். கும்பினிக்குப் பின் வந்த பிரிட்டிஷ் அரசு 1863-ஆம் ஆண்டின் 20-ஆவது சட்டத்தோடு முற்றிலும் கைகழுவியது. இப்படி உதறியபோது தஞ்சைப் பகுதிக் கோயில்கள் பலவற்றின் பொறுப்பு ஆதீனங்களின் கையில் நிலைபெற்றது. இன்றைக்கும் வைத்தீசுவரன்கோயில், திருக்கடையூர் உள்ளிட்ட 27 கோயில்கள் தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தவை; திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயில் திருவாவடுதுறையைச் சேர்ந்தது. பொறுப்பு பெருகியது, பார்த்துக்கொள்ளும் கைகள் அதற்கேற்பப் பெருகவில்லை. குருவின் காலடியில் சாத்திரம் கற்க வந்த தம்பிரான்கள் சிலர், மாவட்டம் மாவட்டமாகப் பரந்து கிடக்கும் கிராமங்களுக்கு விளைச்சல் பங்கை வசூலிக்கும் மேலாளர்களாகவும் ஆக வேண்டியதாயிற்று. அவர்களால் ஆகாதபோது, கிராமத்துக்குக் கிராமம் சம்பளக் காரியஸ்தர்களும் அவர்களுடைய ஆட்களும் வந்து சேர்ந்தார்கள்.

மடாதிபதியின் நிலை என்ன என்பதில் நீதிமன்றங்கள் சொன்னதை இரு தரப்பாரும் பாதிப் பாதியாகவே மேற்கோள் காட்டுகிறார்கள். மடத்து நிலம் ஒன்று நிரந்தரக் குத்தகைக்கு விடப்பட்டது பற்றி எழுந்த வழக்கில், அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1921-இல், ஆங்கிலச் சட்டம் சொல்லும் பொருளில் மடாதிபதி ஒரு டிரஸ்டி (அறங்காவலர்) அல்லர் என்று தீர்ப்பளித்தது. இதை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். அதே தீர்ப்பு, அவருக்குள்ள கடமைகளை நோக்க, நிர்வாகக் கேட்டுக்கு டிரஸ்டியைப் போலவே அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் சொல்கிறது. இதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. 1954-இல் உடுப்பி சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, மடாதிபதியின் பதவியில் பொறுப்பும் சொத்துரிமையும் இரண்டறக் கலந்திருக்கின்றன என்று கண்டது. அரசு வரம்பில்லாமல் உள்ளே நுழைய இடமளித்த சில பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. உபரி வருவாயைச் செலவிட மடாதிபதிக்குப் பரந்த உரிமை உண்டென்று சொன்ன அதே நீதிமன்றம், பதவியின் கண்ணியத்தோடு தொடர்பில்லாத சொந்தச் செலவுக்கு அதைத் தொடக்கூடாது என்றும் சொன்னது. அதன் பின் வந்ததுதான் இன்று நடைமுறையில் உள்ள இந்து சமய அறநிலையச் சட்டம், அதாவது 1959-ஆம் ஆண்டின் 22-ஆவது சட்டம். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை, கிரயம், அடமானம், பரிவர்த்தனை எதுவானாலும் அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லையென்றால் செல்லாது என்கிறது அதன் 34-ஆவது பிரிவு. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு வேறு, அனுமதியில்லாத பத்திரத்தைச் சார்பதிவாளர் தொடவே கூடாது என்கிறது.

ஆக, விற்பதற்கும் அடமானம் வைப்பதற்கும் போதுமான பூட்டு இருக்கிறது. பூட்டை உடைத்தவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. மடத்துச் சொத்து பெரும்பாலும் பூட்டை உடைத்துப் போகவில்லை. பூட்டியிருக்கும்போதே, குத்தகைக் கணக்கு என்னும் சின்ன ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது என்பதுதான் என் கட்சி.

1961-இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் பொதுத்தன்மை வாய்ந்த சமய அறக்கட்டளைகளின் நிலங்களுக்கு விலக்கு அளித்தது. மிராசுதார்களின் நிலம் துண்டாடப்பட்டபோதும் மடத்து நிலம் தப்பியது இதனால்தான். அதே ஆண்டின் பொது அறக்கட்டளை வேளாண் நிலச் சட்டமோ, அறக்கட்டளைகள் தாமே பயிரிட்டுக்கொள்ளும் பரப்பை 20 தர ஏக்கருக்குள் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) நிறுத்தியது. நிலம் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், சொந்த ஏர் இருபதுக்குள். மற்றதெல்லாம் குத்தகைதான். குத்தகையின் அளவையும் மடம் தன் விருப்பப்படி வைக்க முடியாது. நன்செய்யில் நில உடைமையாளரின் பங்கு நூற்றுக்கு 40 என்று 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் வகுத்தது. பின்னாளில் அது 25 ஆகக் குறைந்தது. உழுகிறவன் வீட்டுப் பிள்ளையாகிய நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கு 25-ஐ நம்பி விளக்கேற்ற வேண்டிய நிறுவனத்துக்கு அந்த இருபத்தைந்தும் முழுதாக வந்து சேர வேண்டும் அல்லவா? மடத்தின் உயிர் குத்தகைப் பேரேட்டில் இருக்கிறது என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி எங்கள் வீட்டுக் கதை. மடத்தின் பெயரையோ ஊரையோ சொல்லப் போவதில்லை; இது ஒரு மடத்துக் கதை மட்டும் அல்ல என்பது டெல்டாவில் எவருக்கும் தெரியும்.

எங்கள் 9 மாவுக்கு ஆண்டொன்றுக்கு 27 கலம் நெல் குத்தகை; பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். தை கடைசியில் களத்தில் நெல் தூற்றி முடித்ததும் மடத்து ஆள் நெல் அளக்கும் மரக்காலோடு வருவார். முதல் மரக்காலை அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி, அதன் பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணிப் போவார். 27 கலமும் அளந்து சாக்கில் கட்டி வண்டியில் ஏறும். என் தந்தையார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீட்டுக்காக நிற்பார். சீட்டு வரும், அதில் 24 கலம் என்றிருக்கும். பதருக்கும் ஈரத்துக்கும் ஒன்று, அளவுகாரருக்கு ஒன்று, வண்டிக் கூலி ஒன்று. இது மாமூல். மாமூலைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று என் தந்தையார் நினைத்தார். மடத்துக்குக் கொடுத்தது, யார் தின்றால் என்ன என்பார்.

1992-இல் வருவாய் நீதிமன்றத்திலிருந்து அறிவிப்பு வந்தது. 1974 முதல் 1991 வரை 18 ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று கலமாக 54 கலம் நிலுவை. அதைக் கட்டத் தவறியதால் நிலத்தை விட்டு ஏன் வெளியேற்றக்கூடாது என்று கேட்டிருந்தது. சரியாக இரண்டு ஆண்டுக் குத்தகை. அன்றைக்கு நான் அரசுச் சம்பளம் வாங்கும் தணிக்கையாளன். ஊர் ஊராகப் போய்ப் பிறர் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் சிவப்பு மையால் சுழிக்கிறவன். என் வீட்டு டிரங்குப் பெட்டியில் 18 சீட்டுகள் தப்பாத கணக்கோடு கிடந்ததை ஒரு முறையும் கூட்டிப் பார்த்ததில்லை.

சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போனேன். பொறுப்பிலிருந்த தம்பிரான் சுவாமிகள் வயதானவர், மிக நல்லவர். உட்கார வைத்து, மோர் கொடுக்கச் சொல்லி, பேரேட்டை வரவழைத்துப் பார்த்தார். பேரேட்டில் கேட்பு, அதாவது நாங்கள் கட்ட வேண்டியது, 27; வரவு 24. சீட்டிலும் 24. அவரைப் பொறுத்தவரை கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப் போகிறது. குறை எங்கள் பேரில். களத்தில் 27 அளந்ததற்கு என்னிடம் என்ன ஆவணம் இருக்கிறது? வயலின் பெயர் என்ன, எந்த வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது என்று அவர் என்னிடம் விசாரித்தபோதுதான் அந்த நிலத்தை அவர் பார்த்ததே இல்லை என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு முன்பிருந்தவரும் பார்த்திருக்க மாட்டார். பக்கத்தில் கைகட்டி நின்றவர், 18 ஆண்டும் மரக்கால் பிடித்த அதே மனிதர். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. 54 கலத்துக்குரிய பணத்தை மூன்று தவணையாகக் கட்டினோம். அந்த மூன்று கலம் வருடந்தோறும் மடத்துக்கும் போகவில்லை, எங்களிடமும் இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குக் கண்டேன். பேரேட்டில் குத்தகைதாரர் என்று இருந்தது 1968-இல் இறந்துபோன என் பாட்டனார் பெயர். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்திருந்தும் எங்கள் பெயர் ஏறவில்லை. ஏற்றிக்கொள்ள நாங்களும் முனையவில்லை. இன்று சாகுபடி செய்பவன் என் தம்பி. பயிர்க் காப்பீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அவன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்கும்போதெல்லாம், அடங்கலில் (ஊர்ச் சாகுபடிக் கணக்கில்) உள்ளவருக்கு நீ யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

குடிகள் எல்லாரும் ஏமாந்தவர்கள், மடத்து ஆட்கள் எல்லாரும் ஏமாற்றியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்து அழுக்கும் குறைவில்லை. மடத்துக்குப் பணம் கட்டாமல், கொண்டதை உள்குத்தகைக்கு விட்டு மேலே இரு மடங்கு வாங்குபவர்கள் உண்டு. குத்தகை பாத்தியதையை வெள்ளைத் தாளில் எழுதி லட்சக்கணக்கில் கைமாற்றுகிறார்கள். சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை, ஊரில் அதற்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, 'யு.டி.ஆர். பட்டா' என்று ஊரில் சொல்வார்களே, அதில் மடம், கோயில் நிலங்கள் பல சாகுபடிதாரர் பெயரிலேயே பட்டாவாகிப் போயின. மடத்திலிருந்து எவரும் போய் எதிர்ப்புத் தெரிவிக்காததும் ஒரு காரணம். நகரங்களில் அடிமனைக் கதை இதைவிட மோசம். மனை மடத்துடையது, கட்டிடம் குடியிருப்பவருடையது. கடைத்தெருவில் மூன்று மாடி எழுப்பியவர், பாட்டன் காலத்து அடிமனை வாடகையைக் கட்டிவிட்டுச் சீட்டை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். நியாய வாடகை நிர்ணயிக்க 34-ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. நிர்ணயித்தால் வழக்கு, வழக்கென்றால் இன்னும் பத்து ஆண்டு.

இந்த இடத்தில்தான் 'அரசே எடுத்துக்கொள்ளட்டும்' என்பவர்களோடு நான் மாறுபடுகிறேன். அறநிலையத் துறையின் நேரடிப் பொறுப்பிலுள்ள கோயில்களின் நிலங்களிலும் குத்தகை நிலுவை மலைபோல் நிற்பதை எல்லோரும் அறிவோம். செயல் அலுவலர் ஒருவருக்கு ஏழெட்டுக் கோயில். அவரும் அந்த வயலைப் பார்த்திருக்க மாட்டார். தம்பிரானின் இடத்தில் செயல் அலுவலர் உட்கார்ந்தால் மரக்கால் பிடிப்பவர் மாறிவிடுவாரா? அதே சமயம், 'மடத்துக் காரியத்தில் வெளியார் தலையிடக்கூடாது' என்பவர்களையும் கேட்கிறேன்: 18 ஆண்டு 27-ஐ 24 ஆக்கியவர் வெளியாரா, உள்ளாரா?

நான் கேட்பது சிறிய காரியம். மாநிலத்தில் சட்டத்தின் கீழ் ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்கள் இருக்கின்றன. கோயில்களுக்கும் மடங்களுக்குமாகச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் என்று அரசே சொல்கிறது. ஒவ்வொரு மடமும் தனக்குரிய பங்கின் குத்தகைப் பேரேட்டை, கிராம வாரியாக, தமிழில், ஆண்டுக்கு ஒரு முறை அச்சிட்டு அந்தந்தக் கிராமத்தில் ஒட்ட வேண்டும். சர்வே எண், பரப்பு, குத்தகைதாரர் பெயர், கேட்பு, வரவு, நிலுவை, அந்த நிலம் எந்தக் கட்டளைக்கு உரியது என்பது, இவ்வளவு போதும். கட்டளையின் பெயரைப் போடுவது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். தன் 9 மாவின் நெல் இன்ன ஊர்க் கோயிலில் அர்த்தசாமப் பால் நிவேதனத்துக்கு என்று தெரிந்தவன், அதில் மூன்று கலம் குறைந்தால் ஏனென்று கேட்பான். 'மடத்துக்கு' என்று மொட்டையாகத் தெரிந்தவன், என் தந்தையாரைப் போல, யார் தின்றால் என்ன என்று இருந்துவிடுவான்.

இது நடக்காத காரியம் அன்று என்பதற்கு எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களே சாட்சி. தவணை தவறியவர் பட்டியல் பேரவைக் கூட்டத்துக்கு வரும். சொந்தப் பெயரைப் பொதுவில் படிக்கக் கேட்ட அடுத்த வாரமே வந்து கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'என் பேரில் கடனே வாங்கவில்லையே' என்று எழுந்து நின்று செயலாளரை வியர்க்க வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகையினர்தாம் தணிக்கைக்கு உண்மையான துணை. (கூட்டுறவில் திருட்டே இல்லையா என்று சிரிப்பவர்களுக்கு: உண்டு. கவரிங் நகைக்குக் கடன் கொடுத்த சங்கத்தையும் நானே தணிக்கை செய்திருக்கிறேன். பட்டியல் படிக்கப்பட்டதால்தான் அதுவும் வெளியே வந்தது.)

சந்நிதானங்களின் கௌரவத்துக்கு இது இழுக்கு என்ற ஆட்சேபம் வரும். பாதகாணிக்கையை, குருவின் திருவடியில் சீடன் வைத்ததை, எவரும் சுவரில் ஒட்டச் சொல்லவில்லை. அது குருவுக்கும் சீடனுக்கும் உள்ளது. நிலக் குத்தகை அப்படிப்பட்டதன்று. துறவு நிறுவனங்கள் தமக்குத்தாமே கணக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொள்வது புதிதும் அன்று. ஐரோப்பாவில் பெனடிக்ட் முனிவர் ஆறாம் நூற்றாண்டில் தம் மடத்தாருக்கு எழுதிய ஒழுங்குநூலில், பண்டகசாலை பார்க்கும் துறவி மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களையும் பீடத்துப் புனிதப் பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்கிறார். கருவிகளையும் உடைமைகளையும் பற்றி மடத்தலைவர் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும், கொடுத்தது எது, திரும்ப வந்தது எது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. மண்வெட்டிக்கே பட்டியல் கேட்டவர் அவர்.

நம்மிடமும் முன்னோடி இல்லாமல் இல்லை. தருமபுரத்தில் தம்பிரானாக இருந்து, 1952-இல் குன்றக்குடியில் பட்டத்துக்கு வந்த அடிகளார், மடத்தின் மதிப்பை ஊரின் முதலாக்கிக் காட்டினார். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளையும் ஊர் மக்களையும் ஒரே பாயில் உட்கார வைத்துக் கிராமத் திட்டம் போட்டார், கூட்டுறவை நம்பினார். அவருடைய அரசியலில் எனக்கு எல்லாம் உடன்பாடில்லை. ஆனால் கணக்கை ஊர் நடுவில் வைத்துப் பேசத் துறவிக்குக் கூச்சம் தேவையில்லை என்பதை அவரிடம் கற்கலாம். கல்லூரி நடத்துகிற, திருமுறைகளை உரையோடு பதிப்பிக்கிற ஆதீனங்களுக்கு, இளம் தம்பிரான்கள் நால்வருக்குச் சித்தாந்தப் பாடத்தோடு நில அளவையும் பேரேடும் கற்பித்து, ஆண்டுக்கு ஒரு முறை தை மாதத்தில் களத்துக்கு அனுப்புவது எட்டாத காரியமா? வயலைக் கண்ணால் பார்த்த தம்பிரான் ஒருவர் அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்திருந்தால், பேரேட்டை வரவழைப்பதற்கு முன்பே பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்.

இப்போது நெல் அளப்பதில்லை, பணமாகவே கட்டுகிறோம். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கிக் கணக்கில் பணம் வருகிறது, அதிலிருந்து எடுத்துக் குத்தகையைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என் தம்பி. சில இடங்களில் இணைய வழியில் கட்டலாம் என்கிறார்கள். எங்கள் கிராமத்துக்கு இன்னும் ஆள்தான் வருகிறார், மரக்காலுக்குப் பதில் ரசீதுப் புத்தகத்தோடு. கார்பன் தாள் மட்டும் சில சமயம் திருப்பி வைக்கப்பட்டிருக்கும்.

நான் கேட்கிற பட்டியல் நாளைக்கே ஒட்டப்பட்டால், எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் சுவரில் எங்கள் குடும்பத்தின் பெயரும் அதில் இருக்கும். கடந்த இரண்டு சம்பாவும் கதிர் சாயும் நேரத்தில் மழையில் நின்றதால் குத்தகையில் பாதிதான் கட்டியிருக்கிறோம். நிலுவைப் பத்தியில் மீதிப் பாதியும் தெரியும். தெரியட்டும். பெயர்ப் பத்தியில் 1968-இல் இறந்த என் பாட்டனார் பெயருக்குப் பதிலாக என் தம்பி பெயர் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.